கட்டடமும் சொல்லும்: கிள்ளான் லூர்து மாதா கோவில்

கிள்ளான் நகரின் தெங்கு கிளானா சாலையைத் தமிழருள் அறியாதார் இலர். புடைவைக் கடைகளும் பூக்கடைகளும் பலகாரக் கடைகளும் நிறைந்த அச்சாலையில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் காலூன்றவும் இடம் இராது. அதே சாலையில் இந்திய முஸ்லிம் பள்ளிவாசலும் உண்டு. கூர்நுனிக் கோபுரத்தோடு உயர்ந்து நிற்கும் ஐரோப்பியப் பாணிக் கட்டடம் ஒன்றும் உண்டு. அஃது என்ன என்று மலாய் நண்பரைக் கேட்டால் 'கெரெஜா' என்பார். ஆங்கிலம் பேசுவோர் 'சர்ச்' என்பர். தமிழரோ 'மாதா கோவில்' என்பர்.

ஒரு கட்டடத்திற்கு வழங்கும் இம்மூன்று பெயர்களிலிருந்தே நாம் இவ்வுரையைத் தொடங்க விரும்புகிறோம். ஒரு கோவிலின் வரலாறு என்றால் அதனைக் கட்டியவர் யார், கட்டிய ஆண்டு எது, பாணி எது என்ற வினாக்களுக்கு விடை காண்பதே வழக்கம். அவ்விடைகள் தேவையே, அவற்றையும் காண்போம். ஆயினும் மொழியியல் பயின்றோர் கேட்கவேண்டிய மற்றொரு வினா உண்டு. பிரெஞ்சு நாட்டு வடிவில் எழுந்த ஒரு கட்டடத்தைத் தமிழ் மக்கள் எச்சொற்களைக் கொண்டு தமதாக்கிக் கொண்டனர்? அச்சொற்கள் எங்கிருந்து வந்தன? இன்று அவை என்ன நிலையில் உள்ளன? சுவர் விரிசல் கண்டால் செப்பனிட ஆள் உண்டு. சொல் விழுந்தால் எடுப்பார் இலர்.

கிள்ளானும் அதன் மக்களும்

கிள்ளான் பழைய ஊர். 1880-இல் சிலாங்கூரின் ஆட்சி மையம் கோலாலம்பூருக்கு மாறும்வரை அதுவே தலைநகராக விளங்கிற்று. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1890-இல் அப்பாதை ஆற்றைக் கடந்து கிள்ளானை எட்டியது. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டபின் உள்நாட்டு ஈயமும், அதன்பின் ரப்பரும் இவ்வழியே கடலேறின.

பாதை போட்டவர்களிலும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களிலும், தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களிலும் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து வந்தோர். இரயில்வே, அரசு அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியாற்றியோருள் யாழ்ப்பாணத்தார் பலர். இவர்களுள் பெரும்பான்மையோர் சைவரும் வைணவரும் கிராமத் தெய்வ வழிபாட்டினரும் ஆவர். சிறுபான்மையினரான கத்தோலிக்கர், புதுச்சேரி, காரைக்கால், தஞ்சை, திருச்சி, நெல்லை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் எனப் பல வட்டாரங்களிலிருந்து வந்து சேர்ந்தனர். ஒவ்வொரு வட்டாரத்தாரும் தத்தம் செபங்களையும் சொற்களையும் கொண்டுவந்தனர்.

அவர்களுக்குக் குருக்களாக வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் தீபகற்பத்தின் கத்தோலிக்கப் பணியைப் பெரும்பாலும் ஏற்றிருந்தனர். 1888-இல் மலாக்கா மறைமாவட்டம் மீண்டும் நிறுவப்பட்டது. அதன் ஆயர் சிங்கப்பூரில் இருந்தார். கோலாலம்பூர் தனி மறைமாவட்டமாக உயர்ந்தது 1955-இல்தான்.

கிள்ளான் லூர்து மாதா கோவில் 1928-இல் எழுந்தது. அதனை வடிவமைத்தவர் அங்குப் பங்குத்தந்தையாக இருந்த சுவே அடிகளார் என்னும் பிரெஞ்சுக் குருவே. இவ்வாண்டு கருதத்தக்கது. ரப்பர் விலை வீழாதிருக்க உற்பத்தியைக் கட்டுப்படுத்திய ஸ்டீவன்சன் திட்டம் 1922-இல் தொடங்கி 1928-இல் முடிவுற்றது. மறு ஆண்டே உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தலைகாட்டியது. 1930-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் இலட்சத்திற்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் மலாயாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். இப்புதிய கோவிலில் மாலை மாற்றிக்கொண்டோரும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் பெற்றோரும் அவர்களுள் இருந்திருப்பர். கோவில் நிலைத்தது; குடிகள் நிலைக்கவில்லை. பின்னர் வந்தோரும் எஞ்சி நின்றோருமே இன்றைய பங்கின் முன்னோர்.

வடிவம் வந்த இடம்

லூர்து என்பது பிரான்சின் தென்மேற்கில், பிரனீசு மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். 1858 பிப்ரவரி 11 தொடங்கி அவ்வாண்டு ஜூலை வரை, மசபியேல் என்னும் பாறைக் குகையில் மாதாவை 18 முறை கண்டதாகப் பெர்னதெத் சூபிரூ என்ற 14 வயதுச் சிறுமி கூறினாள். அக்குகையின் மேலுள்ள பாறைமீதே இப்போலித் துராந் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி பேராலயம் ஒன்று எழுந்தது. 1876-இல் அது அபிடேகம் பெற்றது. ஊசிபோல் உயர்ந்த அதன் கோபுரம் அப்பள்ளத்தாக்கு முழுவதற்கும் அடையாளமாயிற்று. கிள்ளான் கோவில் அக்கோவிலை முன்மாதிரியாகக் கொண்டது.

இப்பாணிக்குக் கோதிக் என்று பெயர். 12-ஆம் நூற்றாண்டில் பாரிசைச் சூழ்ந்த பகுதியில் தோன்றி, 19-ஆம் நூற்றாண்டில் மறுபிறவி எடுத்த பாணி இது. இதன் உயிர்நாடி கூர்முனை வளைவு. அரைவட்ட வளைவு தன்மேல் விழும் சுமையைப் பக்கவாட்டில் மிகுதியாகத் தள்ளும். அதனைத் தாங்கச் சுவர் தடித்திருத்தல் வேண்டும். இரண்டு விற்கள் உச்சியில் சந்திப்பதுபோன்ற கூர்முனை வளைவோ சுமையைக் கீழ்நோக்கிச் செலுத்தும். பக்கத் தள்ளல் குறையும். ஆகவே சுவரை உயர்த்தலாம். சுவரில் நெடிய சன்னல்களைத் திறக்கலாம். வண்ணக் கண்ணாடி வழியே ஒளியை உள்ளே வரவிடலாம். கண்ணை மேல்நோக்கி இழுப்பது இதன் நோக்கம். நம் கோவிற் கோபுரங்களுக்கும் அந்நோக்கம் உண்டு. ஆயின் அங்குக் கோபுரம் வாயிலின் மேல் நிற்கும் தனிக் கட்டடம். இங்கு அது வழிபாட்டுக் கூடத்தோடு ஒட்டியது.

ஐரோப்பாவில் கல்லில் எழுந்த இவ்வடிவம் மலாயாவிற்கு வந்தபோது பொருளை மாற்றிக்கொண்டது. இந்நாட்டுக் கோதிக் கோவில்கள் பெரும்பாலும் செங்கல்லாலும் சாந்துப் பூச்சாலும் ஆனவை. கோலாலம்பூரில் 1881-ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் மரக் குடில்களை அழித்தபின் செங்கற் கட்டடங்கள் பெருகின. செங்கற் சூளைகள் இருந்தமையாலேயே பிரிக்பீல்ட்ஸ் அப்பெயரைப் பெற்றது. அங்குச் சீனக் கத்தோலிக்கர்க்கென 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த செபமாலை மாதா கோவிலும் கோதிக் பாணியினதே. ஆகவே கிள்ளான் கோவிலைத் தனித்த விந்தையாகக் காணாமல், பிரெஞ்சுக் குருக்கள் இப்பள்ளத்தாக்கில் நட்ட வரிசையில் ஒன்றாகக் காண்பதே பொருந்தும்.

இங்கு மொழியியலார்க்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. பெர்னதெத் தான் கேட்டதாகக் கூறிய சொற்கள் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் அமைந்தவை அல்ல. அவள் வீட்டில் பேசிய ஒக்சித்தான் மொழியின் வட்டார வழக்கில் அமைந்தவை. அக்காலத்தில் அவளுக்குப் பிரெஞ்சு செவ்வையாகத் தெரியாது. லூர்துக் குகையில் உள்ள சுரூபத்தின் அடியில் இன்றும் அவ்வழக்கிலேயே எழுத்துப் பொறித்துள்ளனர். இன்று அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் அருகிவிட்டனர். உலகெங்கும் கோவில் கண்ட ஓர் ஊரின் வீட்டுமொழி, அவ்வூரிலேயே நலிந்த வரலாறு இது. இதனைக் கிள்ளானில் நின்று எண்ணிப் பார்ப்பது நமக்கு நன்மை தரும்.

புதுச்சேரி என்னும் பாலம்

பிரெஞ்சுக் குருவுக்குத் தமிழ் எப்படி வந்தது? இதற்கு விடை புதுச்சேரியில் உள்ளது. 1776-இல் பாரிஸ் சபையினர் அங்கு இயேசு சபையினர் விட்டுச்சென்ற பணியை ஏற்றனர். அப்பணியோடு அவர்கள் தமிழ்ப் பயிற்சியையும் ஏற்றனர். முசே, துய்புய் என்னும் இரு குருக்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரியில் அச்சேறியது. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் 1870-களிலேயே லூர்து மாதாவுக்குக் கோவில் எழுந்தது. எனவே கிள்ளானில் கோவில் தோன்றுவதற்கு அரைநூற்றாண்டுக்கு முன்னரே லூர்து மாதா தமிழ் பேசும் மாதாவாகி விட்டார். 'லூர்து' என்பது லூர்துசாமி, லூர்துமேரி, லூர்தம்மாள் என ஆட்பெயர்களிலும் கலந்துவிட்டது.

ஆகவே மலாயாவில் நிகழ்ந்ததைப் பிரெஞ்சு மதிப்பீட்டைத் தமிழர்மேல் சுமத்திய செயல் என்று மட்டும் கூறின் பிழையாகும். பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர் குடியேறிய ஊர் சூசைபாளையம் எனப் பெயர் பெற்றது. குரு பிரெஞ்சுக்காரராயினும் ஊர்ப்பெயர் தமிழ் முறையில் அமைந்தது. கிள்ளான் கோவிலின் தலைவாயில் பிரான்சை நினைவூட்டலாம். அவ்வாயிலில் நுழைந்தோரின் வாயில் இருந்தது, வில்லியனூரிலும் வேளாங்கண்ணியிலும் வழங்கிய தமிழ்.

கோவிலுக்குள் வழங்கிய சொற்கள்

முதலில் 'கோவில்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கோ என்பது அரசன். இல் என்பது வீடு. அரண்மனையைக் குறித்த சொல் இறைவன் உறையும் இடத்தைக் குறிக்கலாயிற்று. தமிழ்க் கத்தோலிக்கர் அச்சொல்லை விடவில்லை. மாதா கோவில், அந்தோணியார் கோவில் என்றே வழங்கினர். இச்சொல் மலாய் மொழிக்கும் சென்று 'குயில்' என ஒலிக்கிறது. ஆனால் அங்கு அது பெரும்பாலும் இந்துக் கோவிலையே குறிக்கும். கிறித்தவக் கோவிலைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'கெரெஜா', போர்ச்சுகீசியரின் 'இக்ரேஜா'விலிருந்து பிறந்தது. ஒரே தெருவில் வாழும் இரு மொழியினருள் தமிழர் இரு சமயத்தார்க்கும் ஒரு சொல்லைப் பொதுவில் வைத்தனர். மலாயர், தமிழர் தந்த சொல்லை ஒன்றிற்கும் போர்ச்சுகீசியர் தந்த சொல்லை மற்றொன்றிற்கும் வைத்துக்கொண்டனர்.

போர்ச்சுகீசியர் 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றினர். அதே நூற்றாண்டில் தமிழ்க் கடற்கரையிலும் கால்பதித்தனர். அதனால் தமிழும் மலாயும் ஒரே பண்டசாலையிலிருந்து சரக்கு எடுத்தன. நம் சன்னல், மேசை, அலமாரி, பாதிரி ஆகியவற்றுக்கு மலாயில் ஜெண்டேலா, மேஜா, அல்மாரி, பாடெரி எனத் துணைச்சொற்கள் உள்ளன. கோவிலுக்குள் வழங்கிய குருசு, சூசை, இஸ்பிரித்துசாந்து என்பனவும் அவ்வழி வந்தவையே.

ஆயினும் கடன் வாங்கியதோடு தமிழர் நின்றுவிடவில்லை. பொருளறிந்து பெயர்த்தும் உள்ளனர். இலத்தீனில் 'பவுலுஸ்' என்றால் சிறியவர். எனவே பவுல் அடியார் சின்னப்பர் ஆனார். எபிரேயத்தில் யோவான் என்பது இறையருளைச் சுட்டும். எனவே அவர் அருளப்பர் ஆனார். யோசேப்பு என்ற பெயருக்குப் பெருகுதல் என்ற பொருள் உண்டு. வீரமாமுனிவர் தேம்பாவணியில் அவரை வளன் என்றார். மக்கள் வழக்கிலோ அவர் போர்ச்சுகீசிய ஒலியில் சூசையப்பராகவே இருந்தார். ஒலிவழி ஒரு பெயர், பொருள்வழி ஒரு பெயர் என இரண்டும் ஒரே கோவிலில் வழங்கின.

இக்கோவிலுக்கே உரிய சொல் ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. லூர்துக் குகையின் சாயலில் கோவில் வளாகங்களில் அமைக்கும் செயற்கைக் குகையைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'கெபி' என்பர். கெபி என்பது குகை, பள்ளம் என்னும் பொருளுடைய சொல். சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய விவிலியத்தில் தானியேல் எறியப்பட்ட சிங்கக் கிடங்கும் கெபியே. ஒரு சாரார்க்கு அச்சத்தின் இடமாகிய சொல் மற்றொரு சாரார்க்கு அடைக்கலத்தின் இடமாயிற்று. இத்தகைய வேறுபாடுகள் பல. பிரிக்பீல்ட்ஸில் உள்ள சீயோன் லுத்தரன் ஆலயம், 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கிய மரபின் கிளை. அங்கு ஆலயம், போதகர், சபை எனும் சொற்களே செல்வாக்குடையன. கத்தோலிக்கரிடத்தில் கோவில், சாமியார், பங்கு என்பன வழங்கும். பங்கினைப் பழைய தலைமுறையார் 'விசாரணை' என்றும், பங்குத்தந்தையை 'விசாரணைக் குரு' என்றும் கூறினர். அங்குள்ளோரின் நலத்தை விசாரிக்கும் பொறுப்பையே அச்சொல் குறித்தது. இன்று விசாரணை என்றால் நம் பிள்ளைகள் காவல் நிலையத்தையே நினைப்பர்.

விழாச் சொற்களிலும் தமிழ் மரபே மேலோங்கியது. கொடியேற்றம், நவநாள், சப்பரம், தேர்ப்பவனி என்பன பிரெஞ்சுக் கட்டடத்தின் முன்றிலில் தமிழகத்துத் திருவிழாவை நிகழ்த்தின. இச்சொற்களைக் கேட்கும் இந்து அண்டைவீட்டாருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மூன்று தலைமுறை, மூன்று சொல்

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிகளில் வழிபாடு நடத்த வழிவகுத்தது. அதற்கு முன் செபமும் பாட்டும் தமிழில் இருந்தாலும், பலி வழிபாட்டின் மொழி இலத்தீனே. தமிழ் பலிபீடத்திற்கு ஏறியபோது தமிழகத்தில் தனித்தமிழ் உணர்வும் வலுவாக இருந்தது. ஆகவே பூசை திருப்பலி ஆயிற்று. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. சுவிசேஷம் நற்செய்தி ஆயிற்று. இஸ்பிரித்துசாந்து தூய ஆவியானார். 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம் இப்புதுச் சொற்களை நிலைபெறச் செய்தது. சின்னப்பரும் இராயப்பரும் பவுலாகவும் பேதுருவாகவும் மாறினர். தமிழ் பயின்றோர் என்ற முறையில் இம்மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும் பழைய சொல்லடுக்கைப் பதிவு செய்யாமல் புதிய அடுக்கு அதன்மேல் அமர்ந்துவிட்டது என்பதையும் கூறியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கோவில் வளாகத்தில் நின்றிருந்தோம். நாம் வழிபாட்டிற்காகச் சென்றவர் அல்லோம்; சொல் கேட்கச் சென்றவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மூதாட்டி, தமிழ்ப்பள்ளி ஆசிரியையான அவர் மகள், பதினைந்து வயது மதிக்கத்தக்க பேரன் ஆகிய மூவரோடு பேசினோம். "பூசை பார்த்துட்டு வரோம்யா" என்றார் மூதாட்டி. "திருப்பலி முடிந்து வருகிறோம், ஐயா" என்று திருத்தினார் மகள். பேரன், "மாஸ் லேட்டா முடிஞ்சிருச்சு" என்றான். மூவரும் ஒரே வழிபாட்டையே குறித்தனர். பிறகு மூதாட்டி பேரனிடம், "கெபிக்கிட்ட ஒரு மெழுகுதிரி ஏத்திட்டு வாய்யா" என்றார். அவன் தாயைப் பார்த்தான். "குரோட்டோவைச் சொல்றாங்க" என்றார் தாய். பையன் உடனே நடந்தான்.

அச்சிறு நிகழ்வு நம் உள்ளத்தைவிட்டு அகலவில்லை. பாட்டி சொன்ன தமிழ்ச் சொல்லைப் பேரனுக்குத் தாய் பிறமொழியில் பெயர்க்க வேண்டியதாயிற்று. பையன் மீது குறை இல்லை. அவன் தமிழ் பேசினான், சொன்ன சொல்லைத் தட்டாமல் சென்றான். அவனுக்கு அச்சொல்லை எவரும் கொடுக்கவில்லை. இப்பங்கில் ஆங்கிலம், தமிழ், மாண்டரின், மலாய் ஆகிய மொழிகளில் வழிபாடு நடைபெறுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளான பின், தோட்டத்துக் குடும்பங்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளில் சிதறின. பிள்ளைகள் தம் பள்ளித் தோழரோடு ஆங்கில வழிபாட்டிற்குச் செல்கின்றனர். எவரையும் தடுக்க நமக்கு உரிமையில்லை. தடுப்பதால் மொழி வாழ்ந்ததாக வரலாறும் இல்லை.

செய்யத்தக்கது

ஆயினும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கட்டடத்தை அளந்து வரைபடம் எழுதுவோர் உள்ளனர். அதுபோலச் சொற்களையும் இடமறிந்து பதிய வேண்டும். கோவிலின் வாயிலில் தொடங்கிப் பலிபீடம் வரை நடந்து, ஒவ்வொரு பகுதியையும் பொருளையும் பெரியவர்கள் எப்பெயரால் அழைத்தனர் என்று கேட்டு எழுத வேண்டும். மணிக்கூண்டு, சுரூபம், பாவசங்கீர்த்தனத் தொட்டி, சிலுவைப்பாதையின் 14 தலங்கள், நற்கருணைப் பேழை என ஒவ்வொன்றுக்கும் பழைய சொல், புதிய சொல், சொன்னவரின் வட்டாரம் ஆகிய மூன்றையும் குறிக்க வேண்டும். யாழ்ப்பாண வழியினர் கிறித்து பிறப்பு விழாவை நத்தார் என்பர்; தமிழக வழியினர் கிறிஸ்துமஸ் என்பர். இவ்வேறுபாடுகள் குடியேற்ற வரலாற்றின் சான்றுகள். அக்காலப் பங்குப் பதிவேடுகள் பொதுவாக இலத்தீனில் எழுதப்பட்டவை. அவற்றில் தமிழ்ப் பெயர்கள் மட்டுமே தமிழரின் குரலாக எஞ்சியிருக்கும். பங்குகளின் இசைவோடு அப்பெயர்களை ஆராய்வதும் இப்பணியின் ஒரு பகுதியாகலாம்.

இதனைச் சமயப் பணியாகக் கருத வேண்டியதில்லை. கிள்ளான் சுந்தரராசப் பெருமாள் கோவிலுக்கும், இந்திய முஸ்லிம் பள்ளிவாசலுக்கும் இதே முறை பொருந்தும். ஒவ்வொன்றிலும் தமிழ் வேறு வேறு முகம் காட்டும்.

லூர்து மாதாவின் திருநாள் பிப்ரவரி 11. விழா நாளில் வெளியூர்களில் வாழும் முதியோரும் தம் பழைய பங்கை நாடி வருவர். தமிழ் பயிலும் மாணவர் இருவர், பங்குத்தந்தையிடம் முன்னரே இசைவு பெற்று, ஒரு குறிப்பேட்டோடும் ஒலிப்பதிவுக் கருவியோடும் அன்று அம்முற்றத்தில் அமர்ந்தாலே ஒரு சிறு சொற்றொகுதிக்கு வேண்டிய பொருள் கிட்டும். அடுத்த விழாவிற்கே இப்பணியைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அம்மூதாட்டியைப் போன்றோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். எத்தனை ஆண்டு இருப்பர் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.